பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புது போன், புது லேப்டாப் பற்றியெல்லாம் உங்கள் பத்திரிகையில் நிறைய வருகிறது. வீட்டிலும் கடையிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற பழைய டெஸ்க்டாப் பற்றி ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த இலவச அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்தியதிலிருந்து, எங்கள் ஏரியாவில் யாரைப் பார்த்தாலும் சிபியுவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போகிறார்கள். புதிதாக வாங்க வசதி உள்ளவர்கள் வாங்குகிறார்கள், மற்றவர்கள் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமாக வேலை செய்கிற எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க்கைப் போட்டுக்கொள்கிறார்கள். அதில் தப்பே இல்லை, நல்ல காரியம்தான். ஆனால் கழற்றிய பழைய டிஸ்க் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல்தான் இருந்தேன். அதனால் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் தயவுசெய்து வெளியிடுங்கள்.

நான் வில்லிவாக்கத்தில் 2011-லிருந்து டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். வாடகை ஒப்பந்தம், பட்டா மாறுதல் மனு, பயோடேட்டா, ஸ்கூல் அட்மிஷன் ஃபாரம், எல்லாம் அடிப்போம். வருகிறவர்கள் ஆதார், பான் கார்டு, ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணச் சொல்வார்கள், அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு பிரிண்ட் கேட்பார்கள். எதையும் நான் அழிப்பதில்லை. காரணம், பதினோரு மாதம் கழித்து அதே ஆள் வந்து, "அக்கா, போன தடவை அடிச்ச அக்ரிமென்ட்லயே தேதியை மட்டும் மாத்திக் கொடுங்க" என்பார். அப்போது அந்தக் கோப்பு இருந்தால் எனக்கும் நேரம் மிச்சம், அவருக்கும் காசு மிச்சம். அப்படிச் சேர்ந்து சேர்ந்து என் டிஸ்க்கில் என் விஷயத்தைவிட ஊரார் விஷயம்தான் அதிகம்.

போன வருஷம், இரண்டில் ஒரு கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது. காலையில் ஆன் பண்ணிவிட்டு, வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் நிரப்பி முடித்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இடையிடையே உள்ளேயிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். ஆட்டோவில் வைத்து எங்கள் பகுதியிலேயே இருக்கிற ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "டிஸ்க் போகப் போவுதுக்கா, இப்பவே எஸ்எஸ்டி போட்டுடுங்க, டேட்டாவை நான் எடுத்துத் தர்றேன்" என்றான். வேலையைச் சுத்தமாகத்தான் செய்தான். டி டிரைவில் இருந்தது எல்லாம் வந்துவிட்டது. பில் போடும்போது, "பழசை நாங்களே எடுத்துக்கறோம், அதுக்கு 200 ரூபா கம்மி பண்ணிக்கிறேன்" என்றான். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு பாட்டியம்மா வந்தார்கள், பென்ஷனுக்கு ஆதார் ஜெராக்ஸ் வேண்டும் என்று. முதல் காப்பி கறுப்படித்துவிட்டது. அதைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடப்போனேன், அந்தம்மா கையைப் பிடித்து, "அதையும் கொடுத்துடு கண்ணு, நான் வீட்ல போய் எரிச்சிடறேன்" என்றார்கள். எப்போதும் வீணான காப்பியைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவதுதான் என் பழக்கம், அன்றைக்கு அவசரத்தில் மறந்திருந்தேன். கொடுத்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஒரு வீணான காப்பிக்கே அந்தம்மா இவ்வளவு பார்க்கிறார்கள், நான் இத்தனை வருஷ ஆதாரையும் கையெழுத்தையும் ஃபோட்டோவையும் 200 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன். அந்தத் தம்பி பதறவே இல்லை. "ஃபார்மட் பண்ணிட்டோம் அக்கா, உள்ளே ஒண்ணும் இருக்காது" என்றான். எதுவாக இருந்தாலும் என் டிஸ்க் எனக்கு வேண்டும் என்றேன். கடை முதலாளி ஒரு அட்டைப் பெட்டியை இழுத்து முன்னால் வைத்தார். மினரல் வாட்டர் பாட்டில் வருகிற பெட்டி, அதில் முப்பது டிஸ்க்காவது இருக்கும். சிலவற்றின் மேல் வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவில் எழுதியிருந்தது, எந்த மெஷினிலிருந்து கழற்றியது என்று தெரிவதற்காக. 'ஆடிட்டர்', 'ஸ்கூல் ஆபீஸ்', 'டாக்டர் கிளினிக்', 'அண்ணா நகர் மேடம்'. என்னுடையதில் டேப் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளி நிறப் பெட்டிகள், பாதிக்கு மேல் ஒரே கம்பெனி.

என் அக்கா பையனுக்குப் போன் போட்டேன். "சித்தி, மெஷின் வாங்கின பில் இருக்கா? அதுல ஹார்ட் டிஸ்க் சீரியல் நம்பர் எழுதியிருப்பாங்க" என்றான். வாரண்டிக்காகக் கடைக்காரர்கள் எழுதிக் கொடுப்பது வழக்கம், எனக்கு அது ஞாபகமே இல்லை. வீட்டுக்குப் போய் பீரோவில் தேடி 2013 பில்லை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். போன் டார்ச்சை அடித்து ஒவ்வொரு டிஸ்க்காகக் கையிலெடுத்து, லேபிளில் பொடி எழுத்தில் இருக்கிற நம்பரின் கடைசி நாலு எழுத்தைப் பில்லோடு ஒத்துப் பார்த்தேன். பத்தொன்பதாவது டிஸ்க் என்னுடையது. 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் தள்ளிப் போயிருந்தால் பெட்டியோடு காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று முதலாளியே சொன்னார். மறைத்துப் பேசவில்லை அவர். அவரைப் பொறுத்தவரை அது பழைய இரும்பு, அவ்வளவுதான்.

இப்போது அந்த 'ஃபார்மட் பண்ணிட்டோம்' விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நிறைய பேர் இதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். அன்றிரவே அக்கா பையன் வந்து டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு ரெக்கவரி மென்பொருளை ஓட்டினான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 2016-இல் நான் அடித்த ஒரு வாடகை ஒப்பந்தம் அப்படியே திறந்தது. வீட்டுக்காரர் பெயர், அப்பா பெயர், கதவு எண், சாட்சிகள், பின்னாலேயே ஆதார் ஸ்கேன். முகம் தெளிவாகத் தெரிந்தது. அடிவயிறு கலங்கிவிட்டது எனக்கு.

கடைகளில் செய்வது பெரும்பாலும் குயிக் ஃபார்மட். லைப்ரரியில் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று எழுதி வைத்த ரெஜிஸ்டரைக் கிழித்துப் போடுகிற மாதிரி அது. புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருக்கும், பொறுமையாகத் தேடுகிறவனுக்குக் கிடைக்கும். குயிக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஃபார்மட் பண்ணுகிற டிரைவ் முழுவதும் பழையதன் மேல் பூஜ்யம் எழுதப்படுகிறது. அதற்கு மணிக்கணக்கில் ஆகும். வரிசையாக ஆட்கள் நிற்கிற கடையில் யார் அதற்காகக் காத்திருப்பார்கள்?

இந்த அனுபவத்துக்குப் பிறகு இரண்டாவது கம்ப்யூட்டருக்கு நானே மாற்றினேன். எனக்கு ஐம்பது வயதாகிறது, படித்தது பி.காம். என்னால் முடிந்தது யாராலும் முடியும், அதனால் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டாப், அரசினர் தோட்டம். இறங்கி நடந்தால் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. அங்கே 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், பழைய டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டிப் பார்க்க ஒரு கேபிளும் வாங்கினேன். பெரிய 3.5 இஞ்ச் டிஸ்க்குக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கிற அடாப்டரோடு வருகிற கேபிள்தான் வேண்டும், லேப்டாப் டிஸ்க்குக்கான சின்ன கேபிள் இதற்கு உதவாது. பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லி வாங்குங்கள், அது எதற்கு உதவும் என்று மேலே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதிது என்று கொடுத்ததில் ஆயிரக்கணக்கில் மணி நேரம் காட்டினால் அது புதிது இல்லை, அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. முதலில் பழைய டிஸ்க்கிலிருந்து புதியதுக்கு குளோன் எடுக்க வேண்டும், அதாவது விண்டோஸ், மென்பொருள், கோப்பு எல்லாமே இருந்தபடி நகல். குளோன் எடுக்கிற மென்பொருளில் எது பழசு எது புதுசு என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க் வந்து நிறைந்த டிஸ்க்கை அழித்துவிடும். கம்பெனி பெயரையும் அளவையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்த பிறகுதான் நான் ஓகே அழுத்தினேன். 500 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 465 என்று காட்டும், பயப்பட வேண்டாம், கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. குளோன் முடிந்ததும் ஷட் டவுன் செய்து, பவர் கார்டை உருவிவிட்டு, ஆன் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், உள்ளே தங்கியிருக்கிற கரண்ட் இறங்கிவிடும். பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பக்கத்துத் தகடு வந்துவிடும். எதையும் தொடுவதற்கு முன்னால் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொட்டுவிடுங்கள், நம் உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக் கரண்ட் இறங்கிவிடும். டிஸ்க்கில் இரண்டே கேபிள், அகலமானது கரண்டுக்கு, குறுகலானது டேட்டாவுக்கு. இரண்டின் வாயும் ஆங்கில எல் எழுத்து மாதிரி ஒரு பக்கம் வளைந்திருக்கும், அதனால் தலைகீழாக மாட்ட முடியாது, மாட்டவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தித் திணிக்காதீர்கள். என் மெஷினில் எட்டு வருஷத் தூசி, ஜெராக்ஸ் பவுடரோடு சேர்ந்து பஞ்சு மாதிரி படிந்திருந்தது, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்து முதல் தடவை ஆன் பண்ணுங்கள். குளோனும் அசலும் ஒரே அடையாளத்தோடு இருப்பதால், இரண்டும் சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பும். ஆன் ஆன பிறகு இருபது வினாடியில் திரை வந்தது. என் மகள் கடையில்தான் இருந்தாள், கை தட்டினாள்.

குளோன் எடுக்காமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டு டி டிரைவை மட்டும் நகலெடுத்துக் கொடுக்கிற கடைகள்தான் அதிகம். அதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, தமிழ் ஃபான்ட். தனியாக ஃபான்ட் போடாமலே தமிழ் தெரிகிற யூனிகோடு முறைக்குத் தமிழ்நாடு அரசு மாறியது 2010-இல்தான். அதற்கு முன்னாலும், ஏன் இன்றைக்கும்கூட, எங்களைப் போன்ற டைப்பிங் கடைகளிலும் பிரஸ்களிலும் 'வானவில்' என்ற ஃபான்ட் மாதிரியான பழைய ஃபான்ட்களில்தான் நிறைய அடித்து வைத்திருக்கிறோம். அந்த ஃபான்ட் சி டிரைவுக்குள் விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும். அதை எடுக்காமல் விட்டால், கோப்பு பத்திரமாக வந்திருக்கும், திறந்தால் ஒரு வரிகூடத் தமிழாக இருக்காது, ஆங்கில எழுத்தும் குறியுமாக நிற்கும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். கெடவில்லை, ஃபான்ட்டைப் போட்டால் தமிழ் திரும்ப வந்துவிடும். அதனால் டிஸ்க் மாற்றக் கொடுக்கும்போது, "ஃபான்ட் ஃபோல்டரையும் காப்பி பண்ணுங்க" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இதெல்லாம் டிஸ்க் உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியவை. டிக் டிக் சத்தம் வந்துவிட்டால் திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள். உள்ளே நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகிற தட்டுக்கு மேலே, தலைமுடி தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் அதைப் படிக்கிற ஊசி மாதிரியான ஒன்று மிதக்கிறது. அது தட்டில் உரசிவிட்டால் உரசின இடத்தில் இருந்த டேட்டா போனதுதான், எந்த லேபிலும் திரும்ப வராது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள், நம் ஊர் ஈரக் காற்றில் வெளியே எடுத்ததுமே உள்ளே வேர்த்துவிடும். திறந்து பார்ப்பதும் கூடாது. முக்கியமான டேட்டா என்றால் அப்படியே ஆஃப் பண்ணி, தூசி இல்லாத அறை வைத்திருக்கிற ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள். எஸ்எஸ்டிக்கு இந்தச் சத்தமும் கிடையாது, பல நேரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் நின்றுவிடும். அதனால் எஸ்எஸ்டி போட்டாயிற்று, இனிமேல் கவலை இல்லை என்று இருக்காமல் வெளியே இன்னொரு டிஸ்க்கில் வாரம் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நான் வெள்ளிக்கிழமைதோறும் எடுக்கிறேன், அந்த டிஸ்க் கடையில் இருப்பதில்லை, வீட்டு பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்தவர்கள் பட்டதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது? ஓடுகிற டிஸ்க் என்றால் முழு ஃபார்மட், அல்லது விண்டோஸிலேயே இருக்கிற டிஸ்க்பார்ட் என்ற கருவியில் கிளீன் ஆல் என்ற கட்டளை. இந்தக் கட்டளை டிஸ்க் முழுவதையும் துடைத்துவிடும், ஆனால் எந்த டிஸ்க் என்று நம்பரைச் சரியாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஓடாத டிஸ்க்கையும், அங்கங்கே கெட்டுப்போன டிஸ்க்கையும் மென்பொருளால் முழுசாகத் துடைக்க முடியாது. என்னுடையது அப்படித்தான் இருந்தது, அதனால் பக்கத்து வெல்டிங் பட்டறையில் கொடுத்து டிரில்லில் நாலு ஓட்டை போட்டேன். லேப்டாப் டிஸ்க் என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கண்ணாடித் தட்டு, சில்லு தெறிக்கும், துணியில் சுற்றி கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உடைக்க வேண்டும். எஸ்எஸ்டியில் பூஜ்யம் எழுதினாலும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராது, அதைச் செய்த கம்பெனியின் மென்பொருளிலேயே செக்யூர் எரேஸ் என்று இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகு மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கலாம். 2022 மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள்தான் இதைப் பிரித்தெடுக்க வேண்டும். காயலான் கடைக்குப் போகக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் ஆதார் ஸ்கேனை அழித்துவிடுங்கள், நான் இப்போது அழிக்கிறேன். ஒப்பந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஆதாரின் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் என்று ஒன்று இருக்கிறது, ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம், பல வேலைக்கு அதுவே போதும், கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். அடுத்தவர் விவரத்தைக் காப்பதற்கென்று 2023-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆனால் பத்துக்குப் பத்துக் கடையில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு யாரும் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை.

சர்வீஸ் கடைக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பில்லில் ஒரு வரி சேருங்கள்: 'பழைய டிஸ்க், சீரியல் நம்பர் இன்னது, வாடிக்கையாளரிடம் திருப்பித் தரப்பட்டது', பக்கத்தில் வாடிக்கையாளர் கையெழுத்து. வேண்டாம் என்று அவர் விட்டுவிட்டுப் போனால் அதையும் எழுதி, எப்படி அழித்தீர்கள் என்று எழுதுங்கள். பைக் சர்வீஸ் விட்டால் மெக்கானிக் பழைய பிரேக் ஷூவை ஒரு கவரில் போட்டு நம் கையில் கொடுக்கிறார். அந்த வழக்கம் இங்கேயும் வரட்டும். இதற்கு அரைப் பக்கத்தில் ஒரு ஃபாரம் தமிழில் நானே அடித்து வைத்திருக்கிறேன், எந்தக் கடைக்காரர் வந்து கேட்டாலும் காசு வாங்காமல் ஐம்பது காப்பி எடுத்துக் கொடுப்பேன். அந்த அட்டைப் பெட்டி வைத்திருந்த கடைக்கும் போன வாரம் ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். முதலாளி வாங்கி பில் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். 'டாக்டர் கிளினிக்' என்று டேப் ஒட்டிய டிஸ்க் அப்போது பெட்டியில் இல்லை.

இப்படிக்கு,
டைப்பிங் கடை நடத்தும் வாசகி,
வில்லிவாக்கம், சென்னை - 49.